மாதிரி வீதமும் மொழியியலே

நீண்ட பதிவு. ஒலியியல், களப்பணி, சிறுகணினி ஆகிய மூன்றில் ஒன்றிலேனும் ஆர்வமுடையோர் வாசிக்க. ஏனையோர் கடந்து செல்லலாம், வருத்தமில்லை.

என் ஆய்வேட்டின் முறையியல் இயலைச் சென்ற வாரம் குழுவினர் பரிசீலித்தனர். 38 பக்கம் எழுதியிருந்தேன். அவற்றுள் 19 பக்கம், ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியில் ஒலிப்பதிவை எவ்வாறு அமைத்தேன், எங்கே தவறினேன், தவறு தரவை எவ்வாறு தின்றது என்பது பற்றியவை. அந்த 19 பக்கத்திற்கும் சேர்த்து ஒரே குறிப்பு வந்தது: “இது பொறியியல், மொழியியல் அன்று. பின்னிணைப்பில் அரைப் பக்கமாகச் சுருக்குக.” எந்தப் பல்கலைக்கழகம், யார் அந்தக் குழு என்று உட்பெட்டியில் வினவ வேண்டா. இந்தக் குறிப்பை எந்தத் துறையிலும் எவரும் எழுதியிருக்கக் கூடும் என்பதே என் சிக்கல்.

சுருக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்பதை இங்கே விரித்துச் சொல்கிறேன்.

என் ஆய்வுப் பொருள் கோலாமி. தெலங்கானாவின் ஆதிலாபாத் பக்கமும் அதனை ஒட்டிய மகாராட்டிரப் பகுதிகளிலும் பேசப்படும் நடுத்திராவிட மொழி. 2011 கணக்கெடுப்பின்படி இதனைப் பேசுவோர் ஒரு லட்சத்துக்கும் மேல். எமனோ 1955இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு திராவிட மொழியியல் படிப்போர் எவரும் இம்மொழியின் பெயரை அறிவர், ஒலியைக் கேட்டோர் மிகச் சிலர். கோலாமி பேசுவோர் பெரும்பாலும் தெலுங்கோ மராத்தியோ உடன் அறிந்தவர்கள். அவ்விரு மொழிகளிலும் சகரம் இரு வகைப்படும். ஒன்று நம் ‘பச்சை’யில் வரும் அண்ணச் சகரம். மற்றொன்று நாநுனி பல்லை ஒட்டித் தோன்றும் ‘த்ஸ’ போன்றது. மராத்தியில் இவை பொருளையே வேறுபடுத்தும், தெலுங்கில் பின்வரும் உயிரைப் பொறுத்து மாறும். அண்டை மொழிகளின் இவ்வேறுபாடு கோலாமி பேசுவோரின் நாவில் எந்த அளவுக்கு ஏறியுள்ளது, எத்தலைமுறையினரிடம், எச்சொற்களில் என்பதே என் வினா. எளிய வினாதான். ஆனால் இதற்கான விடை முழுவதும் உரசொலியின் நிறமாலையில், அதிலும் அதன் மேற்பாதியில் இருக்கிறது. அண்ணச் சகரத்தின் உரசல் ஆற்றல் ஏறத்தாழ 2500 ஹெர்ட்சிலிருந்தே புலப்படத் தொடங்கும். பல்சார் சகரத்தின் ஆற்றலோ பெரும்பாலும் 4000 ஹெர்ட்சுக்கு மேலே குவிந்திருக்கும். இந்த 4000 என்னும் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு வருகிறேன். கையடக்கப் பதிவுக்கருவி ஒன்றுடன் ஊருக்குப் போய், “பேசுங்கள் அவ்வா” என்று முன்னால் அமர்ந்தால் கிடைப்பது ஒரு வகைப் பேச்சு. என்னை நோக்கிய பேச்சு அது: மெதுவானது, திருத்தப்பட்டது, எனக்குப் புரிய வேண்டுமே என்று தெலுங்கு கலந்தது. நான் இல்லாதபோது அவர்கள் தம்முள் பேசுவதே எனக்கு வேண்டும். ஒளிந்திருந்து கேட்பது அறமாகாது. ஆகவே ஆய்வகத்தின் இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய பை 3 ஒன்றை எடுத்து, ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கி, மேலே இரண்டு பொத்தான்கள் வைத்தேன். பச்சையை அழுத்தினால் பதியும், மீண்டும் அழுத்தினால் நிற்கும். சிவப்பை அழுத்தினால் கடைசியாகப் பதிந்தது அழியும். திரை இல்லை, இணையம் இல்லை. ஊரார் இசைவுடன் ஒரு வீட்டில் மூன்று வாரம் அதனை விட்டுவந்தேன். எப்போது பதிவது, எதை அழிப்பது என்ற முடிவு முழுவதும் அவர்கள் கையில். மிக விலையுயர்ந்த பதிவுக்கருவியும் செய்யாத ஒன்றை அம்மரப்பெட்டி செய்யும் என்று நம்பினேன். செய்தது.

திரும்பப் போனபோது 11 மணி நேரப் பதிவு இருந்தது. அதில் ஒரு மூதாட்டி தம் பேத்திக்கு, தாம் சிறுமியாக இருந்தபோது காட்டை விட்டு ஊர் பெயர்ந்த கதையை ஏறக்குறைய 40 நிமிடம் சொல்லியிருந்தார். இடையிடையே பேத்தி கேள்வி கேட்கிறாள், பாட்டி அதட்டுகிறார், சிரிக்கிறார், கோழியை விரட்டுகிறார். களப்பணியாளன் வாழ்நாளில் சில முறையே காணும் பேறு. அங்கேயே சிறு ஒலிபெருக்கியில் கேட்டேன், ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பின்னணியில் ஒரு சீறல் இருந்தது. மின்விசிறி என்று எண்ணினேன்.

ஐதராபாத்துக்கு வந்து பிராட் மென்பொருளில் திறந்தேன். அது நிறமாலையை இயல்பாக 5000 ஹெர்ட்ஸ் வரை காட்டும். என் திரையில் 4000க்கு மேலே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளைப் பட்டை. 11 மணி நேரத்திலும் அதே பட்டை.

நடந்தது இதுதான். பையில் இயங்கும் லினக்சின் ஒலிக்கட்டமைப்புக்கு ஆல்சா என்று பெயர். அதில் பதிவு செய்யும் நிரல் ஏரெக்கார்ட். மேசையில் வைத்துச் சோதித்தபோது மாதிரி வீதம், வடிவம் எல்லாவற்றையும் கட்டளையில் முழுமையாகத் தட்டச்சு செய்தேன், அருமையாகப் பதிந்தது. பொத்தானுக்கான நிரலை இரவோடு இரவாக எழுதியபோது, கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தேன். எதுவும் சொல்லாவிட்டால் ஏரெக்கார்ட் என்ன செய்யும் தெரியுமா? 8 பிட், நொடிக்கு 8000 மாதிரி, ஒற்றைத்தடம். தொலைபேசிக் காலத்து இயல்புநிலை. நொடிக்கு 8000 மாதிரி எடுத்தால் 4000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட எதனையும் பதிய இயலாது. இது கருவியின் குறையன்று, கணிதம். 8 பிட் என்றால் ஒலியின் உயர்வுதாழ்வைக் குறிக்க 256 படிகள் மட்டுமே, 16 பிட்டில் 65,536. நான் மின்விசிறி என்று எண்ணிய சீறல் அந்த 256 படிகளின் சீறல்.

நொடிக்கு 8000 மாதிரி எடுத்த பேச்சு செவிக்கு விளங்கும் என்பதுதான் கொடுமை. தலைமுறை தலைமுறையாகத் தொலைபேசியில் அதனினும் குறுகிய பட்டையில் பேசிப் பழகிய செவிகள் நம்முடையவை. விடுபட்டதை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். என் வினா மட்டும் செத்துவிட்டது. பல்சார் சகரமும் அண்ணச் சகரமும் பிரியும் இடத்திற்குச் சற்றுக் கீழேயே கத்தி விழுந்திருக்கிறது. சில இடங்களில் பல்சார் சகரம் வெறும் தகரம் போலத் தோற்றமளிக்கிறது. இதை அறியாமல் அளந்திருந்தால், “கோலாமியில் அண்டை மொழிச் செல்வாக்கு இல்லை” என்று ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். அட்டவணைகளோடு, புள்ளியியல் சோதனைகளோடு. குழுவும் ஏற்றிருக்கும், ஏனெனில் மாதிரி வீதம் பின்னிணைப்பில் இருந்திருக்கும், அல்லது அங்கும் இருந்திராது.

இதனைப் பொறியியல் என்று எவ்வாறு ஒதுக்குகிறீர்கள்?

ஓர் அடையாளம் என் கண்முன்னே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 11 மணி நேரமும் சேர்த்து 317 மெகாபைட். 48,000 வீதத்தில் 16 பிட் ஒற்றைத்தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கே ஏறத்தாழ 346 மெகாபைட் வரவேண்டும். கோப்பின் அளவைப் பார்த்துப் பெருக்கல் கணக்கு ஒன்று போட்டிருந்தால் களத்திலேயே தெரிந்திருக்கும். எந்த ஒலியியல் வகுப்பிலும் அந்தப் பெருக்கலை எனக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. குரல்வளைக் குருத்தெலும்புகளின் பெயர்களை இன்றும் உறக்கத்தில் சொல்வேன்.

இன்னொன்று. கருவி ஏன் எச்சரிக்கவில்லை? உண்மையில் எச்சரித்தது. ஏரெக்கார்ட் தொடங்கும்போது எந்த வடிவில் பதிகிறது என்று ஒரு வரியில் அச்சிடும். திரையில்லாப் பெட்டியில் அந்த வரியைக் கண்டவர் யாருமில்லை. அதற்கும் ஒரு படி கீழே நான் செய்த பிழை இருக்கிறது. ஆல்சாவில் ஒலியட்டையை இரு வழிகளில் அணுகலாம். நேரடி வழியில் போனால், அட்டையால் இயலாத வீதத்தைக் கேட்டவுடன் அது மறுத்து நின்றுவிடும். இடையில் ‘பிளக்’ என்னும் மாற்றி அடுக்கை வைத்தால், எதைக் கேட்டாலும் அது ஓசையின்றி மாற்றித் தரும். வசதிக்காக இரண்டாவதை இயல்புநிலையாக அமைத்திருந்தேன். நேரடி வழியில் போயிருந்தால் என் மலிவான யுஎஸ்பி அட்டை 8 பிட்டுக்கு மறுத்திருக்கும், பொத்தான் வேலை செய்திராது, ஊருக்குக் கொண்டுபோகும் முன்பே கண்டுபிடித்திருப்பேன். மறுக்கத் தெரிந்த கருவியே களத்திற்கு ஏற்றது. இப்போது என் பெட்டியில் மாற்றி அடுக்கு இல்லை.

தேடத் தொடங்கியபின் இரண்டாவது கேடும் அகப்பட்டது. பையில் ஒலிவாங்கிக்கான உள்ளீடே கிடையாது. பை 3இல் உள்ள 3.5 மில்லிமீட்டர் துளை ஒலியை வெளியிட மட்டுமே. அதில் நான்கு தொடுவளையங்களைக் கண்டு, கைபேசிபோல் ஒன்று மைக்குக்கு என்று நம்பி ஏமாறுவோர் பலர், நான்காவது காணொளிக்கானது. 2023இல் வந்த பை 5இல் அந்தத் துளையையே எடுத்துவிட்டார்கள். ஆகவே பதிவுக்கு யுஎஸ்பி ஒலியட்டையோ, ஊசிகளின்மேல் பொருத்தும் தனி அட்டையோ வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி அட்டைகளில் பலவற்றில் ‘ஆட்டோ கெயின் கன்ட்ரோல்’ என்றொரு விசை உண்டு. ஆல்சாமிக்சரைத் திறந்து பார்த்தாலன்றித் தெரியாது. என்னுடையதில் அது தொடக்கத்திலேயே இயக்கநிலையில் இருந்தது. மெல்லப் பேசினால் ஒலியளவைத் தானே உயர்த்தும், உரக்கப் பேசினால் தாழ்த்தும். கூட்டத்தில் உரையாற்றுவோருக்கு நன்மை. அழுத்தம் அளப்போனுக்கு நஞ்சு. பாட்டி பேத்தியை அதட்டிய குரலும், “பிறகு என்ன ஆயிற்று தெரியுமா” என்று தணித்த குரலும் என் அலைவரைவில் ஒரே உயரம். இடைநிறுத்தங்களில் பின்னணி இரைச்சல் அலையெனப் பொங்கி எழுகிறது. சொல்லழுத்தம் குறித்து ஓர் இயல் எழுதத் திட்டமிருந்தது. இனி இல்லை.

தேதியும் கெட்டது. பை 3இல் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், இணையமில்லாத இடத்தில் தான் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே மீண்டும் எண்ணத் தொடங்கும். மூன்று வாரப் பதிவுகள் சில நாட்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. யார் முதலில் பேசினார், யார் அதைக் கேட்டபின் பேசினார் என்பதற்குச் சான்றில்லை. ‘பாட்டி சொன்னபின் இளையோர் பேச்சு மாறியதா’ என்ற கேள்வியையும் கைவிட்டேன். சிறு கடிகாரச் சில்லு ஒன்று வாங்கிப் பொருத்தியிருந்தால் போதும். பை 5இல் கடிகாரம் உள்ளேயே உண்டு, மின்கலத்தைத் தனியே வாங்க வேண்டும்.

நண்பர்கள் சிலர் ஆறுதலாகக் கேட்டது: “மீண்டும் போய்ப் பதிந்துகொள்ளலாமே?” போனேன். அந்த மூதாட்டியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, கதையை மறுபடி சொல்ல இயலுமா என்று வேண்டினேன். “பெட்டியிடம் எல்லாம் சொல்லிவிட்டேனே தம்பி, அது உனக்குச் சொல்லவில்லையா?” என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார். 12 நிமிடம். எனக்காகத் தெலுங்குச் சொற்கள் பெய்து, கோழியும் பேத்தியும் அதட்டலும் இன்றி. நல்ல பதிவுதான், 48,000 வீதம், 16 பிட். அதில் நான் அளக்கும் சகரங்கள் எனக்காகச் சொல்லப்பட்ட சகரங்கள். கோலாமி நாளையே மறைந்துவிடப் போவதில்லை. ஆனால் அந்த 40 நிமிடம் இனி எவருக்கும் முழுதாகக் கேட்காது. அவருடைய பேத்திக்கும்கூட.

இனிக் குழுவினரின் வாதத்துக்கு வருகிறேன். கருவி அமைப்பு தொழில்நுட்பருக்குரியது, மொழியியலாளன் தரவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அது. தரவு எங்கிருந்து தொடங்குகிறது? தொல்காப்பியர் மெய்யும் உயிரும் பிறக்கும் இடங்களைச் சொல்லும் பிறப்பியலை எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாக வைத்தார். உடலின் காற்று எங்கே தடைப்பட்டு எவ்வாறு ஒலியாகிறது என்பது மருத்துவருக்குரியது என்று அவர் ஒதுக்கவில்லை. அவர் காலத்தில் ஒலி நெஞ்சிலும் மிடற்றிலும் அண்ணத்திலும் உருப்பெற்று நேரே செவிக்கு வந்தது. நம் காலத்தில் அது ஒலிவாங்கி, முன்பெருக்கி, மாற்றி, மாதிரி வீதம், கோப்பு வடிவம் என்று இன்னும் ஐந்து இடங்களில் பிறக்கிறது. அவற்றை விட்டுவிட்டு எந்த ஒலியைப் பற்றி எழுதுகிறோம்? பீட்டர் லேடஃபோகட் களப்பணியாளருக்காக 2003இல் எழுதிய கையேடு ஒலிப்பதிவு செய்யும் முறையிலிருந்தே தொடங்குகிறது. அவரைப் பொறியாளர் என்று எவரும் துறையை விட்டுத் துரத்தவில்லை.

அவரும் பிறரும் ஆராய்ந்த நீலகிரித் தோடா மொழியை எண்ணிப் பாருங்கள். ஸகரம், ஷகரம் போன்ற உரசொலிகள் அங்கு நான்கு, நான்கும் பொருள் வேறுபடுத்துவன. என் பெட்டியை அதே இயல்புநிலையோடு தோடர் ஊரில் வைத்திருந்தால் அவற்றுள் எத்தனை பிழைத்திருக்கும்?

“கைபேசி போதுமே” என்பது அடுத்த வாதம். சிலவற்றுக்குப் போதும். கதை, சொற்றொடர், சொற்பட்டியல், எழுத்துப்பெயர்ப்பு ஆகியவற்றுக்கு நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கைபேசியின் இயல்புநிலைகளும் எவரோ எடுத்த முடிவுகள்: இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு, இழப்புடைச் சுருக்கம். குரல்செய்தியாக வந்த கோப்பில் உரசொலி அளந்து கட்டுரை எழுதுவோரை நான் அறிவேன். இப்போது இந்திய மொழிகளுக்கெல்லாம் பேச்சுணர் மென்பொருளுக்கென்று பெருந்தரவுகள் சேர்கின்றன. அத்துறையின் வழக்கம் நொடிக்கு 16,000 மாதிரி, அதாவது 8000 ஹெர்ட்ஸ் வரை. அவர்கள் பணிக்கு அது தக்கதே. நாளை அதையே ஒலியியற் சான்றாக எடுத்தாளும் மாணவனுக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

விலையுயர்ந்த பதிவுக்கருவியை வாங்கு என்பது மூன்றாவது. அதன் முன்பெருக்கி என் யுஎஸ்பி அட்டையினும் பன்மடங்கு மேல், ஐயமில்லை. நான் எதிரில் அமர்ந்து பதியும்போது அதைத்தான் கொண்டு செல்கிறேன். ஊரில் விட்டுவர, ஊராரே பொத்தானை அழுத்த, பெட்டியே வேண்டும். தவிர, அதிலும் ஆட்டோ கெயின் விசை உண்டு, அதிலும் சுருக்கிய வடிவில் பதியும் தெரிவு உண்டு. விலை கொடுத்தால் அறியாமை தீராது.

நூறாண்டுக்கு முன் இந்திய மொழியியல் கணக்கெடுப்பின்போது கிரியர்சன் கிராமபோன் தட்டுகளில் பல மொழிகளைப் பதிவித்தார். அவற்றில் பல இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றிலும் உயர் அதிர்வெண்கள் இல்லை. கூம்புவழிப் பதிவால் அவற்றைப் பிடிக்க இயலாது, இயற்பியல் விடவில்லை. என் பதிவில் அவை இல்லாமைக்குக் காரணம் ஒரு கட்டளையில் விடுபட்ட மூன்று சொற்கள். அந்தப் பழியை இயற்பியல்மேல் போட முடியாது, தொழில்நுட்பர்மேலும் முடியாது. எங்கள் துறையில் அப்படி ஒருவர் பணியிலேயே இல்லை.

19 பக்கமும் இருக்கும். குழு மறுத்தால் மறுபடியும் அனுப்புவேன். இயலின் முதல் பத்தியில் 8000 என்ற எண்ணும், எந்தெந்த முடிவுகளை அதனால் கைவிட்டேன் என்ற பட்டியலும் வருகின்றன.

பெட்டி சென்ற மாதம் அதே வீட்டுக்கு மீண்டும் போயிருக்கிறது. அட்டையை எண்ணால் அழைக்காமல் பெயரால் அழைக்கிறேன், மறுதொடக்கத்தில் எண் மாறினாலும் குழப்பமில்லை. ஆட்டோ கெயினை அணைத்து ஆல்சாவிலேயே சேமித்தாயிற்று. கடிகாரச் சில்லு உள்ளது. சுவர்மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முரல் பதிவில் ஏறாதிருக்க, பவர்பேங்கில் ஓடுகிறது. பதிவின் நடுவே மின்சாரம் அறுந்தால் கோப்பின் தலைப்பு பிழைபடலாம், அதற்குள் எழுதப்பட்டுவிட்ட ஒலியைப் பெரும்பாலும் ஆடாசிட்டியில் மூலத்தரவாக இறக்கி மீட்கலாம், ஆனால் கடைசிப் பகுதியோ கோப்பு முழுவதுமோ கெடவும் கூடும். ஒவ்வொரு பதிவு முடிந்ததும் கோப்பின் அளவை அதன் நேரத்தோடு வகுத்துப் பார்க்கும் சிறு நிரலும் சேர்த்திருக்கிறேன். கணக்குப் பொருந்தாவிட்டால் பச்சைப் பொத்தானின் விளக்கு அணைந்துவிடும். விளக்கு அணைந்தால் எனக்குத் தொலைபேசியில் சொல்லுமாறு பேத்தியிடம் சொல்லி வந்தேன். அமைப்புக் கோப்புகள் வேண்டுவோர் கருத்துப் பகுதியில் குறிப்பிடுங்கள், அனுப்புகிறேன்.